உங்களுக்குத் தெரியுமா? பாடத்தின் கடைசியில் வரும் பத்துக் கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைய. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும், அம்பத்தூர் ஓ.டி. போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்கும்போதும் போனில் பாடம் ஓடுகிறது. வீடியோ முடிந்ததும் பத்துக் கேள்விகள் வருகின்றன. ‘மார்க்கில் சேராத கேள்விக்கு எதற்கு மெனக்கெடணும்?’ என்று அடுத்த வீடியோவைத் தட்டிவிடுபவர்கள்தான் அதிகம். அப்படித் தாண்டிவிடும் கேள்விகளைப் பற்றியே இந்தத் துணுக்குகள்.

1. நான்கில் ஒரு பங்கு

மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பாடமும் நான்கு பகுதிகளாக அமைய வேண்டும் என்பது விதி: வீடியோ விரிவுரை, அச்சிட்டுக்கொள்ளக்கூடிய பாடக்குறிப்பு, சுயமதிப்பீட்டுத் தேர்வு, சந்தேகம் கேட்டுத் தெளியும் களம். வீடியோவை மட்டும் பார்ப்பவர் பாடத்தின் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

2. நான்கு வாரம் சொதப்பலாம்

அப்போதிருந்த ஏழு ஐஐடிக்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டம், 2014 முதல் சான்றிதழ் படிப்புகளை நடத்துகிறது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் உண்டு. ஒவ்வொரு வாரமும் இணையத்தில் ஒரு அசைன்மென்ட். இறுதி மதிப்பெண்ணில் அவற்றுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75.

கவனிக்க வேண்டியது கணக்கிடும் முறையை. 12 வாரப் படிப்பில் எல்லா அசைன்மென்ட்டும் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதிகம் வாங்கிய 8 மட்டும்தான். 8 வாரப் படிப்பில் 6, 4 வாரப் படிப்பில் 3. ஷிப்ட் மாறியது, காய்ச்சல், ஊருக்குப் போனது என்று தவறுகிற வாரங்களுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். ஒன்றில் அள்ளிவிட்டு மற்றதில் கோட்டைவிட முடியாது.

3. பூஜ்ஜியமாவது வாரம்

என்பிடெல் படிப்புகளில் ‘அசைன்மென்ட் 0’ என்று ஒன்று வரும். அதற்கு மதிப்பெண் கிடையாது. பாடம் தொடங்கும் முன், அதற்குத் தேவையான அடிப்படை உங்களிடம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளத்தான் அது. அதிலேயே பாதிக்கு மேல் தடுமாறினால் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு வருவது நல்லது. ஐந்தாவது வாரத்தில் திணறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

4. தபாலில் வந்த சுயதேர்வு

இணையம் வருவதற்கு முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. 1985-ல் தொடங்கிய இக்னோ, தபாலில் அனுப்பும் பாடநூல்களில் சில பக்கங்களுக்கு ஒருமுறை ‘உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்ற பொருளில் ஒரு கட்டம் போட்டு, எழுதிப் பார்க்க வெற்றுக் கோடுகளும் விட்டது. விடைகள் அலகின் கடைசியில் இருக்கும். ஆசிரியர் எதிரில் இல்லாத படிப்பில் அவருடைய கேள்வி மட்டுமாவது இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்களிலும் இதே முறைதான்.

5. நன்னூல் போட்ட பங்குக் கணக்கு

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், ஒருவன் எப்படிப் புலமை பெறுகிறான் என்று காற்பங்கு கணக்கில் சொல்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது காற்பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைத் தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. காதில் போட்டுக்கொண்டதைவிட வாயிலிருந்து வெளியே எடுத்ததற்கு இரட்டிப்பு மதிப்பு!

6. மூங்கில் பற்றி 3,605 பிள்ளைகள்

1917-ல் ஆர்தர் கேட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார். வாசிப்பதற்கு மட்டும் நேரம் செலவிட்டவர்களைவிட, நேரத்தில் பெரும்பகுதியைப் பார்க்காமல் சொல்லிப்பார்ப்பதற்குக் கொடுத்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். 1939-ல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர், அயோவா மாநிலத்தின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரை மூங்கில் போன்ற பொருள்கள் பற்றிய கட்டுரைகளை வாசிக்க வைத்தார். வாசித்த கையோடு ஒரு சிறு தேர்வு எழுதியவர்களுக்கு வாரங்கள் கழித்தும் பாடம் நின்றது. தேர்வைத் தள்ளிப்போட்டவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கரையத் தொடங்கியிருந்தது.

7. ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவு, ஒரு வாரத்தில் வேறு முடிவு

2006-ல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் நடத்திய சோதனை இந்தத் துறையில் பேர்போனது. மாணவர்களுக்குச் சிறு பத்திகள் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றி, இன்னொன்று கடல் நீர்நாய்களைப் பற்றி. ஒரு பிரிவு பத்தியை இரண்டு முறை படித்தது. மற்றொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்களிடம் மிஞ்சியது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 56. இடையில் தங்கள் விடை சரியா தப்பா என்றுகூட அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

தேர்வு வாசலில் நின்று கடைசி நிமிடம் வரை புத்தகம் புரட்டுபவருக்கு அன்றைக்குப் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. அடுத்த வாரம் அது இருக்காது.

8. படிப்பவருக்கே தெரிவதில்லை

அதே இருவர் 2008-ல் 40 சுவாஹிலிச் சொற்களை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதம் சொன்னார்கள். சரியாகச் சொன்னதும் அந்தச் சொல்லைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்ட பிரிவுகள் 35 சதவீதத்தை ஒட்டியே நின்றன. வேடிக்கை என்னவென்றால், ‘எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டதற்கு எல்லாப் பிரிவினரும் பாதி இருக்கும் என்றே சொல்லியிருந்தார்கள். தனக்கு எவ்வளவு தெரியும் என்று மனசு போடும் கணக்கை நம்ப முடியாது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

9. மஞ்சள் மார்க்கருக்கு மார்க் குறைவு

2013-ல் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய குழுவினரும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்துத் தரம் பிரித்தார்கள். வரிகளுக்கு அடியில் கோடு போடுவது, மஞ்சள் மார்க்கர் அடிப்பது, மறுபடி மறுபடி வாசிப்பது ஆகியவை கடைசித் தரத்தில் விழுந்தன. முதல் தரம் பெற்றவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துப் படிப்பது, படிப்பை நாட்களுக்குப் பிரித்துவைப்பது.

10. ஐடிஐ மாணவரின் கேள்வி வங்கி

1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்று ஆட்கள் தேவைப்படாத நாளே இல்லை. அந்தப் படிப்புகளுக்கு அம்பத்தூரிலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஐடிஐ எழுத்துத் தேர்வு இப்போது கணினியில், கொள்குறி வகையில் நடக்கிறது.

அதற்குத் தயாராக 2019 அக்டோபரில் மத்திய அரசு ‘பாரத் ஸ்கில்ஸ்’ தளத்தைத் தொடங்கியது. பாடத்திட்டம், மின்னூல், கேள்வி வங்கி, மாக் டெஸ்ட், வீடியோ என எல்லாம் அங்கே இலவசம். இந்தியா முழுக்க ஐடிஐக்களுக்குப் பாடநூல் தயாரிக்கும் நிமி நிறுவனம் இருப்பது நம்ம கிண்டியில்தான். ஜெர்மனி அரசின் உதவியோடு 1986 டிசம்பரில் தொடங்கப்பட்டது அது. அதன் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன.

11. தப்பான விடையில் ஒரு தகவல்

இதைப் போட்டுப் பாருங்கள். வெர்னியர் காலிப்பரில் 49 மி.மீ. நீளம் 50 பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரதான அளவுகோலில் 32 மி.மீ. காட்டுகிறது, வெர்னியரில் 17-ஆவது கோடு பொருந்துகிறது. அளவு என்ன?

அ) 32.17 ஆ) 32.34 இ) 32.85 ஈ) 33.70

சரியான விடை ஆ. 49-ஐ 50-ஆல் வகுத்தால் 0.98, ஒன்றிலிருந்து கழித்தால் மீச்சிற்றளவு 0.02 மி.மீ.; 17 கோட்டுக்கு 0.34.

நல்ல கேள்வியின் சூட்சுமம் மற்ற மூன்றில் இருக்கிறது. ‘அ’ போட்டவர் மைக்ரோமீட்டரின் 0.01-ஐ இங்கே கொண்டுவந்துவிட்டார். ‘இ’ போட்டவர் மனதில் 0.05 காலிப்பர். ‘ஈ’ போட்டவர் 0.1 என்று எடுத்துக்கொண்டார். மூன்று பேருக்கும் பூஜ்ஜியம்தான், ஆனால் மூன்று பேரும் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் வேறு வேறு. ‘தவறு’ என்ற சிவப்பு எழுத்து மட்டும் வந்தால் இதில் எதுவுமே தெரியாது. தவறு எங்கே நேர்ந்தது என்று ஒரு வரி விளக்கம் கூடவே வந்தால்தான் அது கற்பிக்கும் கேள்வி.

12. நான்கையும் மறைத்துவிட்டு

கேள்வி வங்கியைப் பத்து முறை போட்டால் விடை தெரிகிறதோ இல்லையோ, ‘இந்தக் கேள்விக்கு மூன்றாவது’ என்பது கண்ணுக்குப் பழகிவிடும். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. ஒரு எளிய வழி: கேள்வியைப் படித்ததும் கட்டை விரலால் விருப்பங்களை மறைத்துக்கொண்டு விடையை மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு விரலை எடுத்துத் தேடுங்கள். நீங்கள் சொன்ன விடை அங்கே இல்லையென்றால், அந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

13. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால்

பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விருப்பம். பாடத்தையே தொடாதவர் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் சராசரியாக இரண்டரை மார்க் விழும். அவர் ஐந்தோ அதற்கு மேலோ வாங்க 100-ல் 8 வாய்ப்பு. அதே பத்தும் ‘சரியா, தவறா’ வகை என்றால், ஐந்துக்குக் குறையாமல் வாங்க 100-ல் 62 வாய்ப்பு! ஐந்து வாங்கினால் தேறியதாகச் சொல்லும் செயலியில் ‘சரி–தவறு’ வகையே நிறைந்திருந்தால், பச்சை டிக்கைப் பார்த்து மகிழ அவசரப்பட வேண்டாம்.

14. ‘உறுதியாத் தெரியுமா?’

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டோனி கார்ட்னர்-மெட்வின் ஒரு மதிப்பெண் முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விடையோடு, அதில் உங்களுக்கு எவ்வளவு உறுதி என்பதையும் 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். விடை சரியென்றால் குறித்த எண்ணே மதிப்பெண். தப்பென்றால் 1 குறித்தவருக்குப் பூஜ்ஜியம், 2 குறித்தவருக்கு 2 கழியும், 3 குறித்தவருக்கு 6 கழியும்!

கணக்குப் போட்டால், 80 சதவீதத்துக்கு மேல் நிச்சயம் இருந்தால்தான் 3 குறிப்பது லாபம். குருட்டாம்போக்கில் அடித்துவிடும் பழக்கம் இதில் செல்லாது. ‘தெரியாது’ என்பதைத் தெரிந்துவைத்திருப்பவருக்கும் இதில் மரியாதை உண்டு. உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் அமைப்புகளில் மாற்றினால் போதும்.

15. அடித்துச் சொன்ன தப்பு

‘இதுதான்!’ என்று அடித்துச் சொன்ன விடை தப்பாகிவிட்டால் மனசு சங்கடப்படும். ஆனால் அப்படிப்பட்ட தப்புதான் சீக்கிரம் திருந்துகிறது. 2001-ல் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வு இது: அரைகுறை நம்பிக்கையோடு சொன்ன தப்பைவிட, முழு நம்பிக்கையோடு சொல்லித் தப்பானதைத் திருத்தினால் அந்தத் திருத்தம் நன்றாகப் பதிகிறது. எதிர்பாராத இடத்தில் இடறியதால் கவனம் கூர்மையாகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

16. விடை சொல்லாத தேர்வு ஆபத்து

கொள்குறித் தேர்வில் நான்கில் மூன்று பொய். அந்தப் பொய்களைப் படித்துப் பழகியவர், பிற்பாடு அவற்றில் ஒன்றையே உண்மையென்று சொல்லக்கூடும் என்று 2005-ல் ரோடிகரும் மார்ஷும் காட்டினார்கள். மருந்து எளியது: சரியான விடையைக் காட்டிவிட வேண்டும். தேர்வு முடிந்த பிறகு காட்டினாலும் இந்தக் கேடு பெரும்பாலும் நீங்கிவிடும் என்பது 2008-ல் தெரியவந்தது. விடைக்குறிப்பு இல்லாத இலவச மாக் டெஸ்ட் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

17. படிக்கும் முன்பே தேர்வு

பாடத்தைத் தொடும் முன்பே அதிலிருந்து கேள்வி கேட்டால்? தப்பாகத்தான் சொல்வீர்கள். ஆனால் அப்படித் தப்பாகச் சொன்ன கேள்விகளுக்கான பதிலைப் பிறகு படிக்கும்போது, வெறுமனே படித்தவர்களைவிட நன்றாக நினைவில் நின்றது என்று ரிச்லண்ட், கார்னெல், காவ் ஆகியோர் 2009-ல் கண்டார்கள். வீடியோவின் கடைசியில் வரும் கேள்விகளை முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வீடியோவைத் தொடங்கினால், எங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

18. மனசு எங்கேயோ

21 நிமிட புள்ளியியல் வீடியோ ஒன்றை நான்கு துண்டாக்கி மாணவர்களுக்குப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் குட்டித் தேர்வு. இன்னொரு பிரிவுக்கு அது இல்லை. நடுநடுவே ‘இப்போது மனசு பாடத்தில் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். தேர்வு இல்லாதவர்கள் 41 சதவீத நேரம் ‘வேறெங்கோ இருந்தது’ என்றார்கள். தேர்வு எழுதியவர்களிடம் அது 19 சதவீதம். 2013-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்பனார், கான், ஷாக்டர் நடத்திய சோதனை இது. தேர்வு வைக்கப்பட்ட பிரிவு அதிகமாகக் குறிப்பும் எடுத்தது. கடைசித் தேர்வைப் பற்றிய பதற்றமும் அதற்குக் குறைவு.

19. பார்த்ததற்கும் செய்ததற்கும் ஆறு மடங்கு

ஜார்ஜியா டெக் நடத்திய இணைய உளவியல் படிப்பின் தரவை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கோடிங்கரும் குழுவினரும் அலசினார்கள். கூடுதலாக வீடியோ பார்ப்பதாலும் பக்கம் வாசிப்பதாலும் கிடைத்த பலனைவிட, கூடுதலாகப் பயிற்சிக் கேள்விகள் செய்ததால் கிடைத்த பலன் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று 2015-ல் எழுதினார்கள். போனில் டேட்டா பேக் குறைவாக இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி: கேள்விப் பக்கத்துக்கு வீடியோ அளவு டேட்டா ஆகாது.

20. மிட்டாய் கொடுத்த மெஷின்

1920-களில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரஸ்ஸி டைப்ரைட்டர் போல ஒரு கருவி செய்தார். ஜன்னலில் கேள்வி தெரியும். நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒரு நெம்புகோலை மாற்றிவைத்தால், சரியான பொத்தானை அழுத்தும் வரை அடுத்த கேள்வி வராது. குறிப்பிட்ட அளவு சரியாகச் செய்தால் மிட்டாய் விழும் ஏற்பாடும் இருந்தது! 1928-ல் காப்புரிமையும் கிடைத்தது. இன்று செயலிகள் நட்சத்திரமும் பேட்ஜும் கொடுப்பதற்கு நூறு வயது மூத்த அண்ணன் அது.

21. டியூஷன் ஆசிரியர்களுக்கு

கூகுள் ஃபார்ம்ஸில் 2016 முதல் வினாடி வினா வசதி இருக்கிறது. விடைக்குறிப்பைக் கொடுத்துவிட்டால் அதுவே திருத்தும். பெரும்பாலானோர் தொடாமல் விடும் ஒரு இடம் அதில் உண்டு: தவறான விடைக்கென்று தனியாகப் பின்னூட்டம் எழுதும் பெட்டி. ‘தப்பு’ என்று நிறுத்தாமல் ‘பக்கம் 42-ல் இரண்டாவது எடுத்துக்காட்டைப் பார்’ என்று எழுதினால், கொரட்டூரில் மாடியறையில் டியூஷன் எடுப்பவரும் இரவு பதினொரு மணிக்கு மாணவர் பக்கத்தில் இருக்கிறார்.

இன்னொன்று: நான்காவது விருப்பத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ரோட்ரிகஸ், பெரும்பாலான கேள்விகளுக்கு நல்ல மூன்று விருப்பங்களே போதும் என்று 2005-ல் எழுதினார். சப்பையான நான்காவதை யாரும் தொடுவதே இல்லை.

22. பூந்தமல்லியிலிருந்து ஒரு பார்வை

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைத்திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளன. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளோடு படிப்பவருக்கு ஆன்லைன் வினாடி வினாவில் மூன்று தடைகள்: விளக்கம் எழுதாத படம், இழுத்துப் போட்டுப் பொருத்தும் கேள்வி, ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேர்வு வழிகாட்டுதல், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொல்கிறது. பொதுத்தேர்வில் அது நடைமுறையில் இருக்கிறது. சுயதேர்வில் கடிகாரமே வேண்டாம் என்று நிறுத்திவிடும் வசதி இருந்தால், பார்வை உள்ளவர்களுக்கும் நிம்மதிதான்.

23. வகுப்பறையில் ஹைடெக் லேப்

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனப்படும் கணினி ஆய்வகங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்கு அங்கே கணினி வழி வினாடி வினாவும் நடக்கிறது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருந்ததும் நினைவிருக்கலாம். அதை ஸ்கேன் செய்தால் 2017-ல் தொடங்கிய தீக்‌ஷா தளத்தில் பாடத்துக்குரிய காணொளியும் பயிற்சியும் திறக்கும். பிள்ளையின் புத்தகத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் ஒருமுறை ஸ்கேன் செய்துபாருங்கள்.

24. வீட்டில் பழகு, மையத்தில் எழுது

2020 ஜூனில் சென்னை ஐஐடி ஆன்லைன் தரவு அறிவியல் பட்டப்படிப்பை அறிவித்தது. அதில் அசைன்மென்ட் இரண்டு வகை: பழகுவதற்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று. ஆனால் ‘குவிஸ்’ எனப்படும் இடைத்தேர்வுகளைத் தேர்வு மையத்துக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வீட்டில் எழுதும் தேர்வில் நண்பரைக் கேட்கலாம், நெட்டில் தேடலாம். மதிப்பெண்ணுக்காக என்றால் அது ஏமாற்று; பழகுவதற்காக என்றால் ஏமாறுவதும் எழுதுபவரேதான். இப்படிப் படித்துவிட்டுக் கணினித் தேர்வு எழுத வருபவர்களுக்கு, அம்பத்தூரை அடுத்த அயனம்பாக்கம் ஹால் டிக்கெட்டில் பழகிப்போன ஊர்.

25. எத்தனை நாள் கழித்து?

ஒருமுறை சோதித்துவிட்டு மறுபடி எப்போது? 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நிக்கோலஸ் செபெடாவும் குழுவினரும் 2008-ல் பதில் தேடினார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீத இடைவெளி, அதாவது ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து. ஓராண்டுக்கு நினைவிருக்க வேண்டுமென்றால் 5 முதல் 10 சதவீதம், அதாவது மூன்றிலிருந்து ஐந்து வாரம் கழித்து. கொஞ்சம் மறந்த பிறகு தேடி எடுப்பதில்தான் பலன். படித்த சூட்டோடு ஐந்து முறை போட்டு ஐந்திலும் நூறு வாங்குவது மனசுக்கு இதம், அவ்வளவுதான்.

26. இப்போது உங்கள் முறை

மேலே போகாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

அ) 12 வார என்பிடெல் படிப்பில் எத்தனை அசைன்மென்ட் கணக்கில் வரும்?
ஆ) நன்னூல் கணக்கில் ஆசிரியரிடமிருந்து கிடைப்பது எவ்வளவு?
இ) 49 மி.மீ.-ஐ 50 பாகமாக்கிய வெர்னியரின் மீச்சிற்றளவு என்ன?
ஈ) உறுதி 3 என்று குறித்து விடை தப்பானால் எவ்வளவு கழியும்?
உ) டன்லோஸ்கி குழு முதல் தரம் கொடுத்த இரண்டு முறைகள் எவை?

விடைகள்: அ) 8. ஆ) காற்பங்கு. இ) 0.02 மி.மீ. ஈ) 6. உ) தன்னைச் சோதித்துப் படிப்பது, நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது.

ஐந்துக்கு எத்தனை என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தவறவிட்ட கேள்விக்குரிய துணுக்கை மட்டும் மறுபடி படியுங்கள். நாளை மறுநாள் ஐந்தையும் திரும்பக் கேட்டுப்பாருங்கள். இன்று சரியாகச் சொன்னதையும் சேர்த்துத்தான். காரணம் எட்டாவது துணுக்கில் இருக்கிறது.